வீட்டுக்காரியின் நீலப்பூப் பாத்தி

1

வட்டக்கச்சியிலிருந்து தருமு எழுதியிருக்கிறான். நானும் அவனும் ஒரே வாய்க்காலில் குளித்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கி வளர்ந்தவர்கள். போன மாதம் நான் வீட்டுக்கு அனுப்பிய படம் கூட்டுறவுச் சங்கக்கடையில் கைமாறிக் கைமாறி, மூலை மடிந்து, ஊரில் எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாம். படத்தில் என் மகள் வதனி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், அவளை விடவும் உயரமாக, பிசகாத வரிசையில் பூக்கள் நிற்கின்றன.

"மச்சான், நீ பூங்காவுக்குள்ள குடியிருக்கிறாய் எண்டு இஞ்ச கதை. நாங்கள் குளத்துத் தண்ணிக்கு முறை பார்த்துக் காயிறம். நீ அங்க பூவுக்குத் தண்ணி ஊத்திறியாம். நல்லாய் இரு."

இதை வாசித்ததும் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இரண்டு நாளாக மனதுக்குள் தருமுவோடு சண்டை பிடித்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். அந்தப் பூ வரிசைக்குப் பின்னால் இருக்கிற ஆறு மாதக் கரைச்சல் படத்தில் விழவில்லை. ஆகவே சங்கக்கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி எழுதுகிறேன். யாராவது உரத்து வாசியுங்கள்.

வீடு என்னுடையது அல்ல. பூவும் என்னுடையது அல்ல. படத்தில் எனக்கென்று இருப்பது பிள்ளை ஒன்றுதான். அவளும் இப்போது என்னோடு ஆங்கிலத்தில்தான் சண்டை பிடிக்கிறாள்.

நாங்கள் இருப்பது மிஸிஸ் பார்லோ என்கிற விதவையின் வீட்டு மேல்மாடியில். இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி. இது கிடைப்பதற்கு முன் எத்தனையோ கதவைத் தட்டினோம். சில வீட்டு யன்னலில் கறுப்பு ஆட்கள் வரவேண்டாம் என்று அட்டையே தொங்கியது. அட்டை இல்லாத வீட்டில் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார் என்றார்கள். நகரசபைக் கந்தோரில் வீட்டுக்குப் பதியப் போனால், என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று ஒரு பெண் அரைமணி நேரம் விசாரித்து, கடைசியில் அப்புவின் பெயரில் பதிந்துவிட்டாள். இப்போதும் கடிதங்கள் அப்புவுக்கே வருகின்றன. வட்டக்கச்சியில் இருக்கிற என் தகப்பனுக்கு இங்கிலாந்தில் வீடு கிடைத்தாலும் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது.

மிஸிஸ் பார்லோ மட்டும் கதவை முழுதாகத் திறந்தார். "படியில் சத்தம் கூடாது. முன்தோட்டத்தை நேர்த்தியாக வைத்திருக்கக் கொஞ்சம் கை கொடுத்தால் நல்லது," என்றார். அவ்வளவுதான் நிபந்தனை. நான் தலையை ஆட்டினேன். தோட்டம் நேர்த்தியாக்குவதைப் பற்றி வட்டக்கச்சிக்காரனுக்கு ஒரு வெள்ளைக்காரி சொல்லித் தரவேண்டுமா என்று உள்ளுக்குள் சிரித்தும்கொண்டேன்.

2

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அப்பு குடாநாட்டை விட்டு வட்டக்கச்சிக் குடியேற்றக் கொலனிக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. காணி என்று அவருக்குக் காட்டியது காட்டைத்தான். பாலையும் வீரையும் முள்ளுப் பற்றையுமாக நின்றதை வெட்டி, எரித்து, வேர் கிண்டி, மேட்டுக்காணி ஆக்கினோம். அதோடு விட்டதா? கொலனி ஒவ்விசர் மாதத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வருவார். கையில் ஒரு கொப்பி. காணி பற்றை பிடித்துக் கிடந்தால் கொப்பியில் எழுதுவார். எழுதினால் காணிப் பெர்மிற் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். அப்புவுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல்.

"காய்ஞ்சது ஒண்டையும் வளவில நிக்க விடாதேங்கோடா. ஒண்டில் பாம்பு வரும், இல்லாட்டி ஒவ்விசர் வருவார்," என்பார். காய்ந்த தண்டைக் கண்டால் எங்கள் கை சும்மா இராது. பிடுங்கு, கிண்டு, எரி. இன்றைக்கும் பேருந்துக்கு நிற்கும்போது சுவரோரத்தில் காய்ந்த புல்லைக் கண்டால் குனிந்து பிடுங்கிவிடுகிறேன். இங்கத்தைய ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பூ விஷயத்தில் மட்டும் அம்மா அப்புவுக்கு அடங்கவில்லை. படலையிலிருந்து வீடு வரைக்கும் கல்வாழை வைத்திருந்தா. வாழையைப் போல் இலையும் உச்சியில் சிவப்புப் பூவுமாக ஆள் உயரத்துக்கு நிற்கும். ஒருநாள் ஒவ்விசர் அதைக் கண்டு நின்றுவிட்டார்.

"அம்மா, அரசாங்கம் காணி தந்தது பயிர் செய்ய. இது சமைச்சுச் சாப்பிடுற சாமானோ?"

அப்புவுக்கு வியர்த்துவிட்டது. அம்மா குசினி வாசலில் நின்றபடியே சொன்னா: "ஓம் ஐயா, பிழைதான். உங்கட கந்தோர் வாசலிலயும் ஒரு வரிசை நிக்கிறதைக் கண்டனான். அதைச் சமைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ, நாங்களும் சமைக்கிறம்."

ஒவ்விசர் சிரித்துவிட்டார். கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அப்பு மட்டும் இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

அங்கே பூச்செடி தெரிவு செய்வது என்று ஒரு வேலையே இருக்கவில்லை. செவ்வரத்தைக் கொப்பு ஒன்றை முறித்து நட்டுத் தண்ணீர் ஊற்றினால் சரி. நின்றால் பச்சையாக நிற்கும், காய்ந்தால் செத்துவிட்டது. மேலே காய்ந்து மண்ணுக்குள் உயிரோடு ஒளித்திருப்பது என்றால் எங்களுக்கு இராசவள்ளிக் கிழங்கைத்தான் தெரியும். அதையும் கொடி காய்ந்த கையோடு கிண்டிக் களி காய்ச்சிவிடுவோம்.

3

நாங்கள் மிஸிஸ் பார்லோவின் வீட்டுக்கு வந்தது ஐப்பசியில். முன் யன்னலுக்குக் கீழே ஒரு நீளப் பாத்தி. அதில் முழங்கால் உயரத்தில் மண்ணிறமாகக் காய்ந்த தண்டுகள் நின்றன. மார்கழியில் அதுவும் கறுத்துச் சரிந்தது. நத்தார் பண்டிகைக்கு அவர் தமக்கை வீட்டுக்குப் போனார். ஜனவரி நடுப்பகுதியில்தான் வருவதாகச் சொன்னார்.

தைப்பொங்கல் வந்தது. என் மனைவி ராணிக்கு வயிற்றில் இரண்டாவது பிள்ளை, இரண்டு மாதம். எதைச் சாப்பிட்டாலும் சத்தி எடுத்தாள். "பொங்கலையும் காஸ் அடுப்பில வைக்கிறதெண்டால் எனக்கு இந்த முறை பொங்கலே வேண்டாம்," என்று அழுதாள். அந்த வீட்டில் கிழக்குப் பார்த்த வெறும் நிலம் என்றால் அந்தப் பாத்தி ஒன்றுதான். ஒரே வேலையில் இரண்டு காரியம் என்று நினைத்தேன். பொங்கலுக்கு இடமும் ஆயிற்று, வீட்டுக்காரிக்குக் கை கொடுத்ததும் ஆயிற்று.

பொங்கலுக்கு முதல்நாள் இறங்கினேன். சாப்பாட்டு முள்ளுக்கரண்டியை ஆள் உயரத்துக்குச் செய்தது போல ஒரு ஆயுதம் பின்கொட்டிலில் இருந்தது. அதனால் கிண்டினேன். தண்டுகளின் கீழே தலையணை அளவில் வேர்க்கட்டைகள் இருந்தன. கொலனியில் பாலை வேர் கிண்டிய கைக்கு அது ஒரு விளையாட்டு. வேர்க்கட்டைகளைச் சாக்கில் கட்டி வைத்தேன், நகரசபைக் குப்பை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மண்ணைச் சமன் செய்தேன். மறுநாள் காலையில் மூன்று செங்கல் வைத்துப் பானை ஏற்றினோம். காய்ந்த தண்டுகள் வெகு நன்றாக எரிந்தன. எதிர்வீட்டு யன்னல் சீலைகள் எல்லாம் அசைந்தன. பால் பொங்கியபோது ராணி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து மிஸிஸ் பார்லோ வந்தார். நான் படலையடியிலேயே நின்றேன். பாராட்டு வாங்கத்தான் நின்றேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் பாத்தியைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். "டெல்பினியம் எங்கே?" என்றார்.

"எல்லாம் செத்துவிட்டது, மேடம். நான் துப்புரவாக்கிவிட்டேன்."

அவர் தொப்பியையும் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே சொன்னார். அது வருடா வருடம் குளிருக்கு மேலே காய்ந்து, வேர் தூங்கி, வசந்தத்தில் எழும்புகிற செடியாம். யூலையில் ஆள் உயரத்துக்கு நீலமாகப் பூக்குமாம். வைத்தது அவருடைய கணவர். கணவர் போன பின்னும் செடி பன்னிரண்டு தடவை எழும்பியதாம்.

"யூலைக் கடைசியில் அவருடைய பிறந்தநாள். அன்றைக்கு இந்தப் பாத்தி முன்பு போல இருக்க வேண்டும். உயரமாக, நேராக, பாதையில் சரியாமல், நீலமாக. இல்லாவிட்டால் நீங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மேலே போய் ராணிக்குச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். "ஆவணியில பிள்ளை பிறக்கும். ஆடியில தெருவில நிப்பமோ?" என்றாள்.

வதனி பென்சில் சீவிக்கொண்டே, "அந்தச் செடி நித்திரை கொள்ளுது எண்டு ரீச்சர் சொன்னவா," என்றாள்.

"அப்ப ஏனடி நீ எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். இங்கிலீசில சொன்னனான். வீட்டில தமிழில கதை எண்டு ஏசினீங்கள். எனக்குத் தமிழில வரேல்லை, விட்டிட்டன்."

அந்தச் சட்டம் போட்டவன் நான்தான். ஏழு வயதுப் பிள்ளையை என்னவென்று ஏசுவது.

4

இனித்தான் பூத் தெரிவு. எதிரிக்கும் வரக்கூடாது இந்த வேலை.

நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். உயரமான, வருடா வருடம் வரும் பூச்செடிகள் என்று ஒரு அதிகாரம். முதல் பக்கத்தில் ஆசை காட்டி, இரண்டாம் பக்கத்தில் குழி தோண்டும் புத்தகம் அது. ஹொலிஹொக் ஒன்பது அடி வளருமாம், ஆனால் இலை முழுக்கத் துரு பிடிக்குமாம். லூபின் நேராக நிற்குமாம், ஆனால் பேன் மொய்க்குமாம். பிளொக்ஸ் மணக்குமாம், ஆனால் சாம்பல் பூசியது போலப் பூஞ்சணம் வருமாம். மஞ்சளாகப் பூக்கும் ஒன்று கட்டாமலே நிற்குமாம், ஆனால் பக்கத்து வளவு வரைக்கும் வேர் ஓடுமாம். உயரம் என்றால் சரியும், சரியாவிட்டால் பரவும், பரவாவிட்டால் நீலம் இல்லை. மூன்று கிழமை கணக்குப் பார்த்ததில், கட்டாமல் சரியாமல் நத்தை தொடாமல் நீலமாகப் பூப்பது ஒன்றே ஒன்று அகப்பட்டது. துறவியின் முக்காடு என்று பொருள் வரும் பெயர் அதற்கு. வேர் முதல் விதை வரை நஞ்சு.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அலரியும் நஞ்சுதான், அது நிற்காத வளவு எங்கள் ஊரில் உண்டா? அதன் பூவைத்தானே பிள்ளையாருக்கு வைக்கிறோம். ராணி ஒரே பிடியாக நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பூ வச்சுக் கொலைகாரர் எண்டு பேர் எடுக்கிறதோ? பிள்ளையள் இருக்கிற வீடு. அது வந்தால் நான் வெளியால."

அதுவும் போயிற்று.

பூங்கன்று விற்கும் பண்ணைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். பண்ணைக்காரர் மண் என்ன மண், வெயில் எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். இவ்வளவு கேள்வியை எனக்குப் பெண் தரும்போது மாமா கூடக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு சொன்னார்: "இப்போது வைத்தால் இந்த வருடம் இலைதான். அடுத்த வருடம் கொஞ்சம் பூ. நீங்கள் கேட்கிற உயரம் மூன்றாம் வருடம்."

"எனக்கு யூலை வரைக்கும்தான் தவணை."

"செடிக்கு அது தெரியாதே," என்றார் மனிதர்.

கடைசியில் வழி காட்டியது என்னோடு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் ரொன். ரயில் பாதை ஓரத்தில் அவனுக்கு ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்து, அவனுடைய பழைய டெல்பினியத்தில் மூன்று வேர்க்கட்டையை மண்ணோடு கிண்டிக் கொடுத்தான். வயது போன வேர் என்றால் முதல் வருடமே பூக்குமாம். கூடவே நீலக் கதிராக நிற்கும் வெரோனிக்கா என்ற ஒன்றையும் தந்தான். அது கட்டாமலே நிற்குமாம். வெறும் மண்ணாகக் கிடந்த பாத்தியில், பொங்கல் சாம்பலுக்கு மேலே, எல்லாவற்றையும் நட்டேன்.

5

இதற்கிடையில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ராணிதான் எழுதியிருக்க வேண்டும். அம்மா கல்வாழைக் கிழங்கைப் பனையோலை உமலில் சுற்றித் தபாலில் அனுப்பினா. எனக்கு வந்ததோ கிழங்கு அல்ல, சுங்கக் கந்தோரிலிருந்து மூன்று பிரதியில் ஒரு படிவம். செடியின் விஞ்ஞானப் பெயர் என்ன? ஒட்டியிருக்கும் மண் எந்த நாட்டு மண்? எதற்காகத் தருவித்தீர்? ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். கல்வாழை என்றேன். வாழைப்பழமா என்றார்கள். வாழை இல்லை, வாழை போல என்றேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு, வெளிநாட்டு மண் ஒட்டியிருப்பதால் அழித்துவிட்டோம் என்று கடிதம் வந்தது, அதுவும் அப்புவின் பெயருக்கு. அம்மாவுக்கு என்ன எழுத? "கிழங்கு கிடைத்தது, வைத்திருக்கிறேன்" என்று பொய் எழுதினேன். படத்தில் நிற்பது தன்னுடைய கல்வாழைதான் என்று அவ ஊரெல்லாம் சொல்லித் திரிவதாகத் தருமு எழுதியிருக்கிறான். இந்த இடத்தை மட்டும் சங்கக்கடையில் உரத்து வாசிக்க வேண்டாம்.

பங்குனியில் முளை வந்தது. சித்திரையில் நத்தை வந்தது. ஓடு இல்லாத, வழுவழுப்பான, விரல் நீள நத்தை. வேலைக்குப் போகமுதல் மழைக்குள் குனிந்து நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வைகாசியில் காற்று வந்து ஒரு தண்டை முறித்தது. தடி நட்டுக் கட்டவேண்டும் என்றான் ரொன், பெண்களின் பழைய நீளக் காலுறை நல்லதாம். காலுறைக்கு நான் எங்கே போக? ராணியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். மிஸிஸ் பார்லோ யன்னலால் பார்த்துவிட்டு, "நேர்த்தியாக, என்று சொன்னேன்," என்றார். எல்லாவற்றையும் அவிழ்த்துப் பச்சை நூலால் கட்டினேன்.

இந்த ஆறு மாதத்தில் அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான். நானும் விளக்கம் சொல்லாத நாள் இல்லை. பாம்பைப் பற்றிச் சொன்னேன், ஒவ்விசரைப் பற்றிச் சொன்னேன், பொங்கலைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். எனக்கு ஆத்திரமாக இருக்கும். மனிதன் இதற்கு மேல் என்ன செய்வது?

6

யூலை மாதம் பூத்தது. பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் பூத்தது. பின்வரிசையில் டெல்பினியம் என் தோள் உயரத்துக்கு, முன்னால் வெரோனிக்கா இடுப்பு உயரத்துக்கு. ஒன்றும் சரியவில்லை. ரொன் வந்து வதனியை நிறுத்திப் படம் எடுத்தான். சங்கக்கடையில் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை. காலையில் மிஸிஸ் பார்லோ வெளியே வந்து பாத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். நான் படியில் நின்றேன். ராணி மேல் யன்னலில் நின்றாள்.

"மிகவும் நேர்த்தி," என்றார். "நீங்கள் இருக்கலாம்."

மேலே ராணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மிஸிஸ் பார்லோ தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார். அரைமணியில் திரும்பி வந்தபோது கையில் காகிதத்தில் சுற்றிய பூ, கடையில் வாங்கியது.

"கல்லறைக்குப் போகிறேன். தண்ணீர் வாளி தூக்க என் முதுகு விடாது. வருகிறீர்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் தோள் உயரத்துக்குப் பூ நிற்க, கடைப்பூவா? மழைக்குள் நத்தை பொறுக்கியவன் யார்? சட்டை மாற்ற மேலே போய் ராணியிடம் பொரிந்து தள்ளினேன்.

அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "அது நீங்கள் வச்ச பூ. அந்த மனிசன் வச்சது இல்லையே. நீங்கள் அவவிட்ட ஒருநாளாவது பிழையெண்டு சொன்னனீங்களோ? விளக்கந்தானே சொன்னனீங்கள்."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் சொன்னதுதான் குடைந்தது. எங்கள் ஆட்களின் வாயில் அந்தச் சொல் வராது. பிழை விட்டால் போய் ஒருநாள் வேலி அடைத்துக் கொடுப்போம், ஒரு மூட்டை நெல்லை முற்றத்தில் இறக்குவோம், அதோடு சரி. நானும் அதைத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

கல்லறை சின்னது. சுற்றிவரப் புல் ஒட்ட வெட்டியிருந்தது. அவர் குனிந்து பூவை வைத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். அப்போது, யோசிக்காமலே, கல்லைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டேன்.

"ஐயா, காய்ஞ்சு போச்செண்டு நினைச்சிட்டன். குறை நினையாதேங்கோ."

மிஸிஸ் பார்லோ திரும்பி, "அவரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் சொன்னேன். செத்துவிட்டது என்று நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றிக் கல்லில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார். "நான் நகரத்துப் பிள்ளை," என்றார். "மணம் முடித்து வந்த முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதியைக் கிண்டி எறிந்துவிட்டேன். அவர் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, மிச்சத்தைக் காப்பாற்ற என் கையைப் பிடித்து இழுத்தார்."

இதை ஏன் தை மாதமே சொல்லவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொல்வதற்கும் ஆடி மாதம் ஆயிற்றே. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நடந்தேன்.